அரிசி வாளிக்குள்ள பாடின பாட்டு

அதை விடும் பிள்ளை, அவள் சங்கிலியைத் தூக்கித் தூக்கிக் காட்டினதை நீர் பார்க்கேல்லையே? கோயிலில ஐயர் தீபம் காட்டுறார், எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகினம், அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நிக்கிறாள். வேற ஆர், பிரெடெரிசியா ஊரில இருக்கிற என்ர சித்தியின்ர மகள்தான். என்னைவிட ரெண்டு வயசு இளமை, வாய் மட்டும் பத்து வயசு மூப்பு.

"அக்கா, இது பேரன் வாங்கித் தந்தது. அவன்ர பாட்டுக் காசில. சனம் போனில கேக்கக் கேக்க அவனுக்குக் காசு விழுது. அவன் நித்திரை கொள்ளேக்கையும் விழுது."

எனக்கு வயிறு எரிஞ்ச எரிவில பிரசாதமா வாங்கின சர்க்கரைப் புக்கையைச் சாப்பிடேல்லை. ஏனெண்டா என்ர பேத்தியும் பாடுறவள்தானே! தானே எழுதி, கிற்றார் வாசிச்சு, டேனிஷில பாடுவள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனா நடுவில ஓரிடத்தில "ஆ..." எண்டு இழுப்பள் பாரும், அதைக் கேட்டா எனக்குத் தேத்தண்ணியும் வேண்டாம். தங்கச்சியின்ர பேரன் மூக்கால பாடுறவன். நான் பொறாமையில சொல்லேல்லை. சரி, பொறாமையிலதான் சொல்லுறன், ஆனா மூக்கு மூக்குத்தான்.

வீட்டை வந்த உடன பேத்தியைப் பிடிச்சன். "உனக்கேன் பிள்ளை காசு விழுகிறேல்லை?"

"அம்மம்மா, ஒராள் ஒருக்காக் கேட்டா ரெண்டு மூண்டு சதம் வந்தாலே பெரிசு. ஆயிரம் தரத்துக்கு மேல கேட்டாத்தான் நான் ஒரு கோப்பி குடிக்கலாம். பாட்டை ஏத்திவிடுற கொம்பனிக்கும் வருசாவருசம் கட்டவேணும். அரை நிமிசத்துக்குள்ள நிப்பாட்டினா அது கணக்கிலயும் இல்லை. கொஞ்சம் சேர்ந்தா ரெண்டாவது பாட்டை ஸ்ரூடியோவில பதியலாமெண்டு பார்க்கிறன்."

அரை நிமிசம்தானே எண்டு எனக்குள்ள ஒரு யோசனை ஓடிச்சுது.

நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். ஆனா டென்மார்க்குக்கு வந்த பிறகு இஞ்ச ஹேர்னிங்கில பதினொரு பேர்ச் சீட்டை ஒரு கொப்பியும் இல்லாம தலைக்குள்ள வைச்சு நடத்தினவள். ஒருத்தியின்ர முறையும் பிழைச்சதில்லை. அந்தப் பதினொரு பேரையும் கூப்பிட்டுச் சொன்னன்: "இந்தமுறை காசு வேண்டாம், போனைத் தாங்கோ." கோயிலுக்கு முறுக்குச் சுட சனிக்கிழமையில என்ர குசினிக்குத்தானே வாறவை. முக்கோணத்தை அமத்தினாப் பாடும். ரெண்டு அம்பு ஒண்டையொண்டு துரத்துற படத்தை அமத்தினா திரும்பத் திரும்பப் பாடும். பதினொரு போனும் முந்திப் பிந்திப் பாடினா அடைகாக்கிற கோழியள் சண்டை பிடிக்கிறமாதிரி இருக்கும். அதால சத்தத்தை அடியோட குறைச்சு, துவாயால சுத்தி, வெறும் அரிசி வாளிக்குள்ள வைச்சு மூடினன். பேத்திக்குத் தெரியக்கூடாதெல்லே.

நாலு சனிக்கிழமை போச்சு. ஒருநாள் பேத்தி துள்ளிக்கொண்டு வாறாள். "அம்மம்மா, ஆரோ என்ர பாட்டைக் கேக்கினம்! கனக்கக் கேக்கினம்!"

எனக்கு வந்த சந்தோசமும் புளுகமும்! உடன பிரெடெரிசியாவுக்குப் போன் அடிச்சன். "தங்கச்சி, எங்கட பிள்ளையின்ர பாட்டும் ஏறுதாம். இனிச் சங்கிலி என்ன, அட்டியலே வரும்." அவள் உடன கதையை மாத்தி, அங்க மழையோ எண்டு கேட்டாள். அவள் அப்பிடிக் கதையை மாத்துறதைக் கேக்கிறதுக்கு நான் எத்தினை வருசம் காத்திருந்தனான்!

அதுக்கடுத்த கிழமை பாட்டைக் காணேல்லை. எந்தப் போனில தேடினாலும் இல்லை. பேத்தி வந்து குசினி வாசலில நிக்கிறாள், முகம் செத்துப் போச்சு.

"ஒரே வீட்டு இன்ரநெற், ஒரே பாட்டு, நாள் முழுக்க. மனிசர் கேக்கேல்லை, மெஷின்தான் கேக்குதெண்டு எழுதியிருக்கிறாங்கள். பாட்டைக் கழட்டிப்போட்டாங்கள். காசும் இல்லையாம்."

"மெஷினோ?" எனக்குக் கோவம் வந்திட்டுது. "பதினொரு பேரும் என்ர சீட்டுக்காரியள்!"

வாயை விட்டிட்டன். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோவம் வந்தா டேனிஷ்தான் வரும் அவளுக்கு. கொட்டித் தீர்த்திட்டு, பேந்து தமிழில மெல்லமாச் சொன்னாள். "உண்மையாக் கேட்ட ஆக்களும் இருந்தவை அம்மம்மா. நோர்வேயில ஒரு சின்ன ஊரில இருந்து ஒராள் ஒவ்வொரு நாளும் கேட்டது. அதுவும் எல்லாத்தோடயும் சேர்ந்து போச்சு."

நான் அந்த நோர்வே ஆளை நினைக்கவேயில்லைப் பிள்ளை. எனக்குத் தங்கச்சியின்ர கழுத்து மட்டும்தான் கண்ணுக்குள்ள நிண்டது.

ரெண்டு நாள் அவள் என்ர குசினிப் பக்கம் வரேல்லை. மூண்டாம் நாள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைச்சுக் குடுத்தன், சாப்பிட்டுக்கொண்டே சொல்லுறாள்: "சங்கிலி வாங்கிக் குடுத்த அவனுக்கும் உதில பெரிசா வாறேல்லை அம்மம்மா. சாமத்தியவீடு, கலியாணவீடெண்டு ஜேர்மனி வரைக்கும் போய்ப் பாடுறான், அதிலதான் காசு. போனில கிடக்கிற பாட்டு, சனம் அவனைக் கண்டுபிடிச்சுக் கூப்பிடுறதுக்குத்தான்."

கேட்ட சந்தோசத்தில இன்னும் ரெண்டு அகப்பை புட்டுப் போட்டன். நித்திரையில காசு விழுதாம்! "அப்ப நீயும் சாமத்தியவீட்டில பாடன்" எண்டன். "என்ர பாட்டைக் கேட்டா, பெரியபிள்ளையான அந்தப் பிள்ளை அழுது மணவறையை விட்டு இறங்கிடும்" எண்டு சிரிச்சாள். சிரிச்சிட்டாளெண்டு எனக்கு உயிர் வந்தது. ஆனா ஒண்டு சொல்லட்டே? எந்தக் காசில வந்தாலும் சங்கிலி சங்கிலிதானே. அது தங்கச்சியின்ர கழுத்திலதான் மினுங்குது.

இப்ப வேற கொம்பனியால பாட்டைத் திரும்ப ஏத்தியிருக்கிறாள், பூச்சியத்தில இருந்து. என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டாள்: நாளுக்கு ஒருக்கா, என்ர போனில, சத்தம் வைச்சு, இருந்து கேக்கவேணும். கேக்கிறன். முந்தி நாள் முழுக்க வாளிக்குள்ள கிடந்த பாட்டை நான் ஒருநாளும் கடைசிவரைக்கும் கேட்டதில்லைப் பிள்ளை. கடைசியில அவள் மூச்சு விடுறதும் கேக்குது. நீரும் உம்மட வீட்டில இருந்து ஒருக்காக் கேளும், பிடிச்சா மட்டும். ரெண்டு தரம் கேட்டாலும் பிழையில்லை, நான் சொன்னதெண்டு மட்டும் அவளிட்டைச் சொல்லிப்போடாதையும்...

ஐயோ, மணி என்ன? கீழ எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறையில என்ர நேரம் முடிஞ்சுபோச்சு! அடுத்தது அந்த மூண்டாம் மாடி டேனிஷ் மனிசி, ஒரு நிமிசம் பிந்தினாலும் ஈர உடுப்பை மேசையில அள்ளிப் போட்டிடுவா. கொஞ்சம் தள்ளும் பிள்ளை, கூடையை எடுக்க.