ஓமனும் ஏமனும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் நடந்த பொது அறிவுப் போட்டியில் முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், இரண்டாம் பரிசு உலக வரைபடம். எனக்குக் கிடைத்தது வரைபடம். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அப்பா அதைச் சுருக்கமில்லாமல் விரித்து, முன்னறையில் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு மூலைக்கும் ஆணி அடித்து மாட்டினார். எங்கள் மரக்காணத்து உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் ஆணிகள் துருப்பிடித்தன. அலாஸ்காவிலும் நியூசிலாந்திலும் பழுப்புக் கறை இறங்கியது.

மாலை ஏழு மணிச் செய்திக்கு நான் பேனாவோடு சுவரோரம் நின்றுவிடுவேன். செய்தி வாசிப்பவர் ஓர் ஊர்ப்பெயரைச் சொன்னதும், அடுத்த செய்தி தொடங்குவதற்குள் அதைக் கண்டுபிடித்து ஒரு நீலப் புள்ளி வைக்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. நிலநடுக்கம் வந்ததால் ஒரு நாடு எனக்குத் தெரியவந்தது. தேர்தல் நடந்ததால் இன்னொன்று. விமானம் காணாமல் போனதால் ஒரு முழுக் கடல். எதுவும் நடக்காத நாடுகளில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போனார்கள். பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. அவர் ஏசி மெக்கானிக். குயிலாப்பாளையத்து விடுதிகளில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், கல்யாணமான மறுவருடம் ஓமனுக்குப் போய்விட்டார். சலாலா என்ற ஊர். செய்தியில் வராமலே முதன்முதலாக நான் புள்ளி வைத்த ஊர் அதுதான். இடையில் ஒருமுறை அவர் லீவில் வந்து போனார். இப்போது சித்திக்கு ஏழாம் மாதம். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இந்த முறையும் பிரஷர் இருப்பதாகவும், எதற்கும் கவலைப்பட விடக்கூடாது என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சித்தியிடம் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம்.

அது பங்குனி மாதம், உப்பு நன்றாக விளைகிற காலம். ஒருநாள் மாலை செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வேகமாக வந்தார். சித்தி எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு இருக்கற நாட்டுல குண்டு போடறாங்களாமே. டிவில காட்டறான்."

சித்தியின் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது. நான் உள்ளிருந்து கத்தினேன். "அது ஏமன்க்கா. சித்தப்பா இருக்கறது ஓமன். ரெண்டும் வேற."

"என்னாடி சொல்ற, எமனா?"

"எமன் இல்ல. ஏமன்."

"எதுவோ ஒண்ணு. பேரே நல்லா இல்ல," என்றார் அக்கா.

நான் சித்தியின் கையைப் பிடித்து எழுப்பி வரைபடத்தின் முன்னால் நிறுத்தினேன். என் வரைபடத்தில் ஏமன் பச்சை, ஓமன் ரோஸ். "பாருங்க சித்தி, சண்டை இந்தப் பச்சைலதான். சித்தப்பா இந்த ரோஸ்ல இருக்காரு. நடுவுல கோடு இருக்குது பாருங்க."

சித்தி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "இதத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட மாட்டாங்களா?"

"வர முடியாது சித்தி. அது பார்டர்."

சித்தி மூச்சை விட்டாள். அந்த மூச்சை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு நேரங்கழித்து வேலை முடித்த அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். காலில் முழங்கால் வரை உப்பு வெளுத்திருந்தது. டிவியைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கடைசியில் சித்தியைப் பார்த்தார்.

"பாப்பா சொல்றது கரெக்ட்டு. அவன் ஓமன்லதான இருக்கறான்," என்றார். பிறகு பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் கால் கழுவினார். அன்றைக்குக் கழுவ ரொம்ப நேரமானது.

மறுநாளிலிருந்து எனக்கு ஏறுமுகம். உப்பளத்துப் பெண்கள், டீக்கடைக்காரர், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்று எல்லோருக்கும் ஓமனுக்கும் ஏமனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஏழு மணியானால் சித்தி வந்து முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் செய்தியைக் கேட்டு, புள்ளி வைத்து, "இன்னிக்கும் பச்சைலதான் சித்தி" என்று முடிவு சொல்வேன். வேலை அலுப்பில் அந்த நேரத்துக்கு எப்போதும் கண்ணயர்ந்துவிடும் அப்பாவும் இப்போது எழுந்து உட்கார்ந்து செய்தி பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறவர். "எனக்குப் பேசுனான்மா, நான் அளத்துல இருந்தேன். உனக்கு லைன் கெடைக்கலயாம். நல்லாருக்கறேன்னு சொல்லச் சொன்னான்," என்றார் அப்பா. சித்தி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு உப்பளம் போனேன். வரப்பில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"ஏடன் ஏடன்னு சொல்றானே, அது எங்க இருக்குது?"

நான் ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் அரேபியாவை வரைந்தேன். அது வரைய எளிது, ஒரு ஷூ மாதிரி இருக்கும். விரல் பக்கம் ஓமன். குதிகாலில் ஒரு புள்ளி வைத்து, "இதான் ஏடன்," என்றேன்.

"அங்கேர்ந்து கப்பல்ல கெளம்புனா எங்க போய்ச் சேரலாம்?"

"எதிர்ல ஆப்பிரிக்காப்பா. ஜிபூட்டின்னு ஒரு குட்டி நாடு. நம்ம மேப்ல பேரு எழுதக்கூட அதுல இடமில்ல, கடல்மேல எழுதியிருப்பாங்க."

"எம்மாந் தூரம்?"

அன்று மாலை ஸ்கேல் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, இங்கிருந்து திருச்சிக்குப் போகிற தூரம் இருக்கும் என்று சொன்னேன். அவர் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் அளந்தேன். "கடல்ல அதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார். அது மேப்பில் போட்டிருக்காது என்றேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பாவுக்கும் என்னைப்போல உலகத்தின்மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவருக்குத் தென்னமெரிக்காவைச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தேன்.

அதற்குள் டிவியில் படம் வருவது நின்றுபோனது. கேபிள்காரன் கட் பண்ணிவிட்டான் என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் இருப்பதா? பள்ளி விட்டதும் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பேப்பரில் பெரிய படம் ஒன்று வந்திருந்தது. ஏடன் துறைமுகத்தில் நம் ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கப்பலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் சட்டையைத் தலையில் போட்டிருந்தார். டீக்கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை வாங்கி நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். சித்தியிடம் காட்ட வேண்டும், பச்சை நாட்டில் எவ்வளவு கஷ்டம், நம் சித்தப்பா ரோஸில் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று விளக்க வேண்டும் என்று ஓடி வந்தேன். வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார். காகிதத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திருப்பித் தரவேயில்லை.

நான் சாப்பிட மாட்டேன் என்று அழுதேன். "ஒரு பேப்பருக்காடி இப்படி அழுவுற," என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் தானும் அழத் தொடங்கினாள். என் அழுகைதான் அவளை அழவைத்துவிட்டது என்று பயந்து, எழுந்து சாப்பிட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்து, கல்லூரி விடுதியிலிருந்து நான் ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது, மீன் கழுவிக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள். சண்டை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே சித்தப்பாவை அவருடைய கம்பெனி ஏடனுக்கு அனுப்பியிருந்தது. மீன் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றுக்கு மெஷின் மாட்டும் வேலை. ஒரு மாதத்தில் முடிந்துவிடும், சித்தியிடம் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். குண்டு விழுந்த பிறகு பதினோரு நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்தப் பதினோரு நாளும் அப்பாவிடம் இருந்ததெல்லாம் என் வரைபடமும் நான் அடித்துச் சொன்ன வார்த்தையும்தான். அப்பா சொல்லியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே சித்தி கண்டுபிடித்திருப்பாள். நான் சொல்வது பொய் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் என்னைச் சொல்லவைத்தார்.

அந்த வருடம் சித்தப்பா திரும்பி வந்தது ஒரு காலை நேரத்தில். அப்பா சென்னைக்குப் போய் அழைத்துக்கொண்டு வந்தார். லீவு கிடைத்தது என்றார்கள். கன்னம் ஒட்டி, தாடியோடு, யாருடையதோ போன்ற தொளதொளச் சட்டையில் இருந்தார். சித்தி வாசலில் நின்றபடி அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருந்த ஒற்றைப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். பெட்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. கிட்டே போய் அவர் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

காபி குடித்த பிறகு சித்தப்பா எங்கள் முன்னறைக்கு வந்து வரைபடத்தின் முன்னால் நின்றார். நான் வைத்த நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பச்சை நாட்டின்மேல் புள்ளி வைக்க இடமே இல்லாமல் வைத்திருந்தேன். அவருடைய விரல் மெதுவாக நகர்ந்து குதிகாலில் நின்றது. அங்கிருந்து கடலைத் தாண்டி அந்தச் சின்ன நாட்டுக்குப் போனது, மறுபடி குதிகாலுக்கே திரும்பியது.

"சித்தப்பா, அது இல்ல," என்றேன் நான். அவர் விரலைப் பிடித்துத் தூக்கி ரோஸ் நாட்டின்மேல் வைத்தேன். "நீங்க இருந்தது இங்க."

அவர் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "ஆமா பாப்பா. அங்கதான் இருந்தேன்," என்றார்.

அப்பா எழுந்து வெளியே போனார். சித்தி என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வேலை பார்த்த நாடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று எனக்குச் சித்தப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது.