பவுனுவுக்காக ரத்தம் கொடுக்க இராமேஸ்வரம் போனது

பவுனு, நீ இல்லாமல் முதல்முறையாகப் பாம்பன் பாலம் தாண்டினேன்.

என் தங்கை பவுனு நாற்பத்தாறு வயதில், மிளகாய்க் களத்தில் இடுப்பெலும்பு ஒடிந்து படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. எலும்பு இப்படி மெலிவது பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்கிறார்களாம். கூடப்பிறந்தவர்கள் இராமேஸ்வரம் முகாமுக்குப் போய் ரத்தம் கொடுக்கலாம் என்று எங்கள் ஊர் நர்ஸ் சொன்னார். மாசியில் கிளம்பினேன்.

முதுகுளத்தூரில் காலை ஆறரைக்குப் பஸ். இராமநாதபுரத்தில் மாறி ஏறினால் இன்னும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் பிடியுங்கள், பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். பவுனு வந்திருந்தால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது. கிடைத்தும் பார்க்கப் பிடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ அறுபது ரூபாய்.

"அக்னி தீர்த்தமாக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, ரத்தம் குடுக்கப் போறேன்."

"இங்கன வாரவுக தீர்த்தத்தத் தலைக்கு ஊத்திட்டுப் போவாக. நீங்க ஊத்திக் குடுத்துட்டுப் போறீகளாக்கும்."

சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

முகாமில் ஒரு டாக்டரம்மா. "ஒடிஞ்சது எந்தங்கச்சிக்கு. அவ எலும்ப எங்க வீட்டு ஆம்பளைக இந்தக் கடல்லதான் கரைச்சாக, எங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே தாய் தகப்பன்தானம்மா. அவங்ககிட்ட இருந்ததுல ஏறக்குறையப் பாதி உங்க ரத்தத்துல இருக்கும்" என்றார். ஊசி குத்திய கையை ஊர் வந்து சேரும்வரை மடியில் வைத்திருந்தேன்.

ரத்தம் எடுத்து முடித்ததுமே டாக்டரம்மா கேட்டார்: "தங்கச்சி விழுந்ததுல எலும்பு ஒடிஞ்சதா, எலும்பு ஒடிஞ்சதுல விழுந்தாங்களா?"

விளங்கவில்லை. எலும்பு ரொம்ப மெலிந்திருந்தால் சில பேருக்கு நிற்கும்போதே ஒடிந்துவிடுமாம், அதற்கப்புறம்தான் ஆள் விழுவதாம். நான் அன்று அடுத்த களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள். வழுக்கி விழுந்தாள் என்று ஊரே சொன்னது. அவளும் அதையே நம்பி, "பாத்து நடந்திருந்தா இப்படிக் கெடப்பேனாக்கா" என்று சாகும்வரை தன்னையே வைதுகொண்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

முகாமுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே போகலாம். வீட்டில் யாருக்கு எந்த எலும்பு எத்தனை வயதில் ஒடிந்தது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். இது ஆராய்ச்சி, கையில் ரிப்போர்ட் தரமாட்டார்கள். உங்களுக்கே முதுகு வலி, கூன் என்றால் தனியாக டாக்டரிடம் காட்டுங்கள். எப்படி விழுந்தார்கள் என்பதை, விழுந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பவுனு, நீ கீழே விழுமுன்னே உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்டதாடி?