‘ஆன்சி அப்பா’ என்று பதிந்த நம்பர்

அடைக்கலமேரியின் வேனில் ஏறிய பிள்ளை வீடு சேரவில்லை என்று பதினொரு வருஷத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வரை இருபத்திரண்டு பிள்ளைகள். ஓட்டுவது வில்சன். ஆனால் வேன் யாருடையது என்று கேட்டால் அவனே பின்சீட்டில் இருக்கும் மேரிக்காவைத்தான் காட்டுவான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் லியோனார்ட் மாரடைப்பில் போன பிறகு பிடித்துக்கொண்ட வேலை இது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஆயா என்றுதான் எழுதியிருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

போன் என்றால் அவளுக்கு ஆகாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒளித்து எடுத்துவரும் போன்களை ஏறும்போதே பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். மறுநாள் காலை ஏற்ற வரும்போது அம்மா கையில்தான் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டு, பெண் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பேசினார். முகம் தெரியாதவர்கள் போன் வழியாக எப்படி உறவு கொண்டாடிக்கொண்டு வருவார்கள், சீருடையோடு பிள்ளைகள் படத்தை ஏன் அனுப்பக்கூடாது என்றெல்லாம் சொன்னார். அடைக்கலமேரி முன்வரிசையில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களைத் திரும்பித் திரும்பி முறைத்தாள். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நாலு மணிக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. கன்டெய்னர் யார்டு, மணலி கம்பெனி, மீன் ஏலம், மாதவரம் குடோன் என்று ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுப்பாள். பெயர், தெரு, நேரம் போட்டு வேன் குரூப்பில் அனுப்பிவிடுவாள். அதைப் பார்த்தால்தான் பல பேருக்கு மிச்ச ஷிப்டு ஓடும். ஒவ்வொரு ஜூனிலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புது குரூப் தொடங்குவாள். போன வருஷம் போனில் பதிந்திருந்த நம்பர்களை அப்படியே ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்ப்பாள்.

இந்த ஜூனில் ‘ஆன்சி அப்பா’வையும் அப்படித்தான் சேர்த்தாள். ஆன்சி ஐந்தாம் வகுப்பு. அப்பா ஜெரி, கப்பல் இழுக்கும் டக் போட்டில் வேலைக்கு பஹ்ரைன் போய் இரண்டாவது வருஷம். அம்மா ஜானட்டுக்கு மாதவரம் குடோனில் வேலை. வீடு திரும்ப ஏழாகும்.

சேர்த்த மறுநாளே அந்த நம்பரிலிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. ‘நன்றி அக்கா.’ அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும் வந்தது. பதினொரு வருஷமாக வெயிலிலும் மழையிலும் படம் எடுத்து அனுப்புகிறவளுக்கு நன்றி சொன்ன ஒரே மனுஷன். அடைக்கலமேரிக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மகள் முகத்துக்கு ஏங்குகிறானே என்று, குரூப்பில் போடும் படத்தோடு கிட்டத்தில் இன்னொரு படமும் எடுத்து அவனுக்கு மட்டும் அனுப்பத் தொடங்கினாள்.

பிறகு கேள்விகள் வந்தன. பாப்பா சாப்பிட்டதா? அம்மா எத்தனை மணிக்கு வருவாள்? அதுவரை கூட யார்? பெற்றவனுக்குத் தெரியாததா என்று ஒரு நாள் யோசித்தாள். யோசித்து, புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று அவளே முடிவுகட்டினாள். அதனால் ஜானட்டிடம் மூச்சு விடவில்லை. அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்கிற நல்ல புத்தி, பாவிக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் வர வேண்டுமா? கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினாள். ஏழு மணி வரை தனியாகத்தான் இருக்கும், தானே பூட்டைத் திறந்து உள்ளே போய் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும், கெட்டிக்காரப் பிள்ளை என்று பெருமையாக எழுதினாள்.

நவம்பரில் ஒரு மழைநாள். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. அன்று யாருக்கும் படம் போகவில்லை. வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டதும் இருபது அம்மாக்களின் பதற்றம் வரிசையாக வந்து விழுந்தது. நடுவில் அந்த நம்பர். ‘கவலைப்படாதீங்க அக்கா. பாப்பா வீட்டுக்குள்ள போயிடுச்சு. பார்த்தேன்.’

ஜெரி லீவில் வந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். மனஸ்தாபம் தீர்ந்ததே என்று அந்தோணியாரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை ஆன்சியை ஏற்றப் போனபோது சந்தோஷம் தாங்காமல் வாசலிலேயே கேட்டாள். “இன்னா ஜானட், வூட்டுக்காரரு வந்துகீறாரு, ஒரு வார்த்த சொல்லல?”

ஜானட் சிரித்தாள். மார்ச்சில்தான் வருவார், நேற்றுகூட அங்கிருந்து வீடியோ காலில் பேசினார் என்றாள். அடைக்கலமேரி போனை எடுத்துக் காட்டினாள். ஜானட் நம்பரைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

“மேரிக்கா, இந்த நம்பர அவரு எப்பவோ வுட்டுட்டாரு. ரீசார்ஜ் பண்ணாம கட்டாயி, இப்ப வேற யார்கிட்டயோ கீது.”

ஜானட் நின்றபடியே ஜூன் மாதத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். வில்சன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அடைக்கலமேரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அந்த நம்பர்க்காரன் ஒரு தடவைகூடத் தன்னை ஆன்சியின் அப்பா என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்தது அவளுடைய போன்தான்.

“ஏழு மணி வரிக்கும் புள்ள தனியா கீதுன்னு நீயாக்கா எழுதுனே?” என்று ஜானட் கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அடைக்கலமேரி தாங்கியிருப்பாள்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஆன்சியிடம், யாராவது வந்தார்களா என்று அம்மா கேட்டாள். பிள்ளை சாதாரணமாகச் சொன்னது. “நேத்து ஒரு அங்கிள் கதவத் தட்டுனாரு. மேரி ஆன்ட்டிதான் அனுப்புனாங்கன்னாரு. அம்மா வந்தப்புறம் வாங்கன்னு சொன்னேன். இன்னொரு நாள் வரேன்னு போயிட்டாரு.”

ஆளைப் பார்த்தாயா என்றால், மூடிய கதவுக்கு வெளியே இருந்து பேசினார் என்றது.

அன்றைக்கு வேன் ஆன்சியும் மேரிக்காவும் இல்லாமல் போனது. ஜானட்டும் அடைக்கலமேரியும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகவே பேசினார்கள். அவர்கள் அடித்துப் பார்த்தபோதே அந்த நம்பர் அணைந்திருந்தது. சிம் வெளியூர் முதியவர் ஒருவர் பெயரில் இருந்ததாம். அவருக்கு அப்படி ஒரு நம்பர் இருப்பதே தெரியாதாம். நாலு நாள் தெருமுனையில் சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர்களும் வரவில்லை.

அடைக்கலமேரி குரூப்பைக் கலைத்தாள். அனுப்பிய படங்களை அவன் போனிலிருந்து அழிக்க வழியுண்டா என்று கேட்டதற்கு, இத்தனை நாள் கழித்து முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு வாசல்கள், இறங்கும் நேரம், எல்லாம் எங்கோ ஒருவன் கையில் இருக்கிறது. மற்ற இருபத்தோரு வீடுகளுக்கும் அவளே நடந்துபோய், தான் செய்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று பேர் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஜானட் நிறுத்தவில்லை. வேலையை விட அவளால் முடியாது, வேறு ஆளும் கிடையாது. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, ஆன்சியோடு அந்த வீட்டுக்கு வந்து, ஜானட் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பது இப்போது அடைக்கலமேரியின் வேலை. யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை.

தெருவில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவன், மீட்டர் பார்க்க வருகிறவன், டீ குடிக்க ஒதுங்கிய லாரி டிரைவர்கள். அவள் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். இதில் எந்த முகத்தைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அவனுக்கு மட்டும் அவளை நன்றாகத் தெரியும்.

பைக்கில் மெதுவாகப் போன ஒருவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். “இன்னா மேரிக்கா, நல்லா கீறியா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

உள்ளேயிருந்து ஆன்சி கேட்டாள். “யாரு ஆன்ட்டி அது?”

“தெரியல பாப்பா,” என்றாள் அடைக்கலமேரி. “நீ உள்ளயே இரு.”