ஆர்வி வெட்டிய வாசல்

சாலையை அகலப்படுத்த வெர்னா கிங்ரிச்சின் பண்ணைவீட்டை இடிக்கப் போவதாகக் கடிதம் வந்தபோது அவளுக்கு எழுபது வயது. கனடாவின் ஒண்டாரியோவில், மெனோனைட் என்ற எளிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விதவை. வாய்தவறிக்கூடப் பொய் சொல்லாதவள். முதல் பொய்யை, பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் ஊரின் பாரம்பரியக் குழுவிடம் சொன்னாள். சமையலறையிலிருந்து பின்னறைக்குப் போகும் குறுகிய வாசல் 1840இல் வீடு கட்டியபோதே வைத்தது என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டாள்.

உண்மையில் அது 1971இல் அவள் கணவர் ஆர்வி வெட்டியது. இருபத்திரண்டு அங்குலம், அதுவும் கோணல். "வாசல் வைங்கன்னா பூனைக்கு வழி விட்டிருக்கீங்க!" என்று அவர் சாகும்வரை திட்டித் தீர்த்தவளும் அவளேதான்.

குழு அந்த வாசலில் சொக்கிப்போனது. வீடு பிழைத்தது, முன்சுவரில் வெண்கலப் பலகையும் ஏறியது.

ஐந்து வருடத்தில் வெர்னாவின் முழங்கால்கள் கைவிட்டன. இனி மாடி ஏற முடியாது, பின்னறையில்தான் படுக்கை. பிடித்து நடக்கும் வாக்கரின் அகலமோ இருபத்தைந்து அங்குலம். வாசலை அகலப்படுத்தக் குழுவிடம் அனுமதி கேட்டாள், பாரம்பரியச் சின்னம் என்று மறுத்துவிட்டார்கள். அப்படியென்றால் முதியோர் இல்லம்தான்.

ஆப்பிள் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு குழுத் தலைவன் லோர்னிடம் போனாள். தேவாலய ஞாயிறு வகுப்பில் பத்துக் கட்டளைகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"லோர்ன், நான் பொய் சொல்லிட்டேன்டா. அந்த வாசல் எங்க வீட்டுக்காரர் எழுபத்தொண்ணுல வெட்டினது. ரம்பம் பிடிக்கவே தெரியாது அவருக்கு."

லோர்ன் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை சொன்னீங்க டீச்சர்! அம்பது வருஷம் தாண்டிடுச்சே, இப்போ அதுவே பாரம்பரியந்தான். ஒரு விவசாயி தன் கையால வெட்டினது வேற. இனிமே யாரும் தொட முடியாது."

"கோணல்டா அது!"

"அந்தக் கோணல்தான் டீச்சர் அருமை." பலகாரத்தில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டான்.

வெர்னா இல்லத்துக்குப் போனாள். வீட்டைக் குழு வாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் ஊராருக்குத் திறந்துவிட்டபோது அவளும் வரிசையில் நின்றாள். வழிகாட்டும் பெண்ணுக்கு அவளைத் தெரியவில்லை.

"இதுதான் ஆர்வி கிங்ரிச் வெட்டின வாசல். அம்மா, வாக்கர் இதுல போகாது. நீங்க இங்கயே நில்லுங்க."

"போகாதுன்னு அன்னைக்கே அவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் வெர்னா. ஆர்வி மேல் கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்க, கோணல் சட்டத்தைத் தடவினாள்.

"தொடாதீங்கம்மா."

கையை எடுத்துக்கொண்டாள்.