வராதவர்கள் தங்கிய அறை

றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் இருந்த பழைய துரை பங்களாவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அது விருந்தினர் விடுதியாக மாறியிருந்தது. ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நான்கு அறைகள்தான். சமையலுக்கு எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் இருந்தார். வருகிறவர்களைக் கவனிப்பதும் முன்பதிவுகளைப் பார்ப்பதும் என் வேலை. உயர்தரப் பரீட்சை முடித்துக் கணினி வகுப்புக்கும் போயிருந்தேன் என்பதால்தான் என்னை எடுத்தார்கள்.

அறைகள் இரண்டு இணையத்தளங்களில் விற்பனைக்கு இருந்தன. அந்த ஏற்பாடெல்லாம் முதலாளியின் கொழும்பு மருமகனுடையது. இரண்டு தளத்துக்கும் தனித்தனி நாட்காட்டி உண்டு. மாறி மாறித் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பங்களாக் கணினியில் மின்னஞ்சல் பார்க்கிற மென்பொருளுக்குள்ளேயே இரண்டையும் கொண்டுவந்துவிடலாம் என்று அவர் போனில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புதிய நாட்காட்டி என்பதை அழுத்தி, இணையத்திலிருந்து என்பதைத் தெரிவுசெய்து, அவர் அனுப்பிய நீண்ட இணைப்பை ஒட்டினேன். ஒன்றுக்கு நீலம், மற்றதற்குச் செம்மஞ்சள். சற்று நேரத்தில் மாதம் முழுக்கக் கலர் கலராக நிறைந்துவிட்டது. அதில் ஆட்களின் பெயர் இருக்காது. அறை நிறைந்துவிட்டது என்று மட்டும் காட்டும். யார், எத்தனை பேர் என்பது மின்னஞ்சலில் தனியாக வரும்.

ஏப்ரல் சீசன் வந்தது. நுவரெலியாவில் அறை கிடைக்காதவர்கள் எங்கள் பக்கம் இறங்கிவருகிற காலம் அது. எங்கள் மூலை அறைக்குத்தான் கிராக்கி அதிகம். ஜன்னலைத் திறந்தால் ரயில் வளைந்து போவது தெரியும். அந்த அறை சீசன் முழுவதும் நிறைந்துவிட்டதாக இரண்டு நிறத்திலும் காட்டியது. ஆனால் யார் வருகிறார்கள் என்று மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. மருமகனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். தான் எதையும் மூடி வைக்கவில்லை, ஆள் வரும், அறையைத் தயாராக வையுங்கள் என்று பதில் போட்டார்.

முதல் நாள் புது விரிப்பு போட்டு, குளிர் அதிகமென்று கணப்பில் விறகும் எரியவிட்டேன். இருட்டும்வரை பார்த்தோம். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சமையல்கார அண்ணன் பட்டாணியும் கோழியும் எடுத்துவைத்துவிட்டு, மூலை ரூமுக்கு ஆள் வருதா இல்லையா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இவருக்கு ஏன் அந்த அறையில் இவ்வளவு அக்கறை என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது.

அன்று மாலை முதலாளி போன் எடுத்தார். அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். புக்காகி இருக்கிறதே என்றார். புக்காகித்தான் இருக்கிறது, ஆள்தான் வரவில்லை என்றேன். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் வாசலில் நின்றார். வேன் சத்தம் கேட்கவில்லை. கீழே பாதை திரும்புகிற கொய்யா மரத்து முடக்கில் அதை நிறுத்திவிட்டு நடந்து ஏறியிருக்கிறார். நேராக மூலை அறைக்குப் போனார். தலையணையை எடுத்து முகர்ந்தார். குளியலறைச் சவர்க்காரத்தைத் தொட்டுப் பார்த்தார். கணப்புக்கு முன்னால் குனிந்து சாம்பலை விரலால் கிளறினார்.

"ஆள் வரல்லன்னா இந்த நெருப்புல குளிர் காய்ஞ்சது யாரு மகள்?"

"வருவாங்கன்னு நாந்தான் மூட்டுனேன் முதலாளி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது உண்மை. ஆனால் சொன்ன விதம் எனக்கே பொய் போலக் கேட்டது.

பிறகு அடுப்படிக்குப் போனார். கதவுக்குப் பின்னால் அண்ணனின் பை தொங்கியது. அதை இறக்கி, திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மாட்டினார். ஒரு சட்டையும் குடையும்தான் இருந்தன. நாங்கள் களவாக ஆள் தங்கவைத்துக் காசு வாங்குகிறோம் என்று அவர் நினைப்பது எனக்குப் புரிந்தது. அண்ணன் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி போகும்போது, வருகிற வாகனங்களை எல்லாம் தனக்குச் சொல்லும்படி கேட் வாச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. நான்தான் முதலாளியிடம் போட்டுக்கொடுத்தேன் என்று அண்ணன் நினைத்தார். சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். மருமகன் தன் கூட்டாளிகளுக்காக அறையைப் பிடித்துவைத்துக்கொண்டு பழியை என் தலையில் போடுகிறார் என்று நான் நினைத்தேன். என்னை அனுப்பிவிட்டுத் தன் சொந்தக்காரர் யாரையாவது அந்த இடத்தில் வைக்கப் பார்க்கிறாரோ என்றும் நினைத்தேன். வாச்சர் மேலே வந்து தண்ணீர் கேட்டால்கூட உளவு பார்க்க வந்தது போலிருந்தது.

கணினியில் அந்தப் பதிவை அழித்துப் பார்த்தேன். அசையவில்லை. இப்படி இணைப்பு ஒட்டி வரவழைக்கிற நாட்காட்டியைப் பார்க்கத்தான் முடியும், அதில் கைவைக்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கியது. கோபத்தில் நாட்காட்டி இரண்டையும் முழுதாக நீக்கிவிட்டு மறுபடியும் இணைப்பை ஒட்டினேன். மூலை அறை அதே தேதிகளில், அதே மாதிரி நிறைந்து வந்து உட்கார்ந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. எங்கோ ஒருவர் இருந்துகொண்டு வேண்டுமென்றே இதைச் செய்கிறார் என்றுதான் தோன்றியது.

பிறகுதான் நீலப் பதிவை இரண்டு தரம் தட்டித் திறந்தேன். விவரத்துக்கான இடத்தில் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. இந்த அறை மற்றத் தளத்தின் நாட்காட்டிப்படி மூடப்பட்டது என்று அதற்குப் பொருள். செம்மஞ்சளைத் திறந்தேன். அது நீலத்தைக் காட்டியது. இது அதைச் சொல்கிறது, அது இதைச் சொல்கிறது. ஆள் என்று ஒருவரும் இரண்டிலும் இல்லை.

முதலாளியை வரச்சொன்னேன். இந்தமுறை கணினிக்கு முன்னால் உட்காரவைத்து இரண்டையும் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தானே மருமகனுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். மருமகன் முதலில் சலித்துக்கொண்டார். நான் அந்த வரிகளை வாசித்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

நடந்தது இதுதான். ஒரு தளத்தில் அறை போனால் மற்றதிலும் தானாக மூடட்டும் என்று இரண்டு நாட்காட்டிகளையும் அவர் ஒன்றோடொன்று தொடுத்திருந்தார். நான் சேருவதற்கு முன்பே ஒரு வெளிநாட்டு ஜோடி அந்த அறையைச் சீசன் முழுவதற்கும் எடுத்து, பிறகு வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டாவது தளம் மூடிக்கொண்டது. முதல் தளம் அதைப் பார்த்துத் தானும் திரும்ப மூடிக்கொண்டது. அப்படியே இரண்டும் ஒன்றையொன்று பார்த்து மூடியபடியே இருந்திருக்கின்றன.

மருமகன் ஒரு பக்கத் தொடுப்பைத் துண்டித்தார். நான் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். முதலில் நீலம் போனது. செம்மஞ்சள் உடனே போகவில்லை. முதலாளி எழுந்து போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோப்பை பாதியானபோது அதுவும் மறைந்தது.

"கம்பியூட்டர்லதான் பிழை. இங்க யாரும் ஒண்டும் செய்யல்ல" என்றார் முதலாளி, அண்ணனைப் பார்த்து.

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டார். "கம்பியூட்டர்ல பிழைன்னா எம் பைய எதுக்குங்க தொறந்தீங்க?"

முதலாளி மீதித் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மூலை அறைக்கு மறுநாளே கண்டியிலிருந்து ஒரு குடும்பம் பதிவு செய்தது. சீசன் முடிந்ததும் அண்ணன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனார். நான் மறித்துப் பார்த்தேன். உங்கள்மேல் பிழையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்றேன்.

"இப்பத் தெரிஞ்சிருச்சு தங்கச்சி. முன்னமே தெரியலையே" என்றார்.

நான் அங்கே இன்னும் கொஞ்சக் காலம் இருந்தேன். முதலாளி என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் நாட்காட்டியில் ஓர் அறை நிறைந்த அன்றெல்லாம் அவருடைய போன் வரும். ஆள் வந்தாச்சா என்று கேட்பார். வந்தவர்களுக்கு என் கையால் சாவி கொடுத்திருப்பேன். அவர்களின் பிள்ளைகள் புல்தரையில் ஓடுகிற சத்தமும் கேட்கும். இருந்தாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்துபோய், அந்த அறை வாசலில் செருப்புகள் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.