விடைபெற்றுவிட்டுப் பேசுகிறவர்கள்

கிசுமு சந்தையில் என் ஒமேனா கருவாட்டுக் கூடைக்கு அடுத்த தையல் மெஷின் அவூருடையது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்காகப் பாவம் என்று உச்சுக்கொட்டியவர்களை அவள் சும்மா விட்டதில்லை. சண்டை வந்தால் தான் சொல்ல வேண்டியதையெல்லாம் கையால் சொல்லித் தீர்த்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு எதிராளி யாரிடம் பேசுவது? பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவள் கை பாஷையைக் கற்றுக்கொண்டேன். பாதி, திட்டு வாங்கியே கற்றது.

அவள் புருஷன் ஒகுட்டுவுக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டவர்கள். இரண்டு பேரும் செவிடாக இருந்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்று இரண்டு வீட்டிலும் கூச்சல். அந்தக் கூச்சல்தான் அவர்களுக்குக் கேட்காதே. பிறகு தச்சு வேலை ஒகுட்டுவைத் தூரத்து மொம்பாசாவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

என்னைப் போன்றவர்களுக்குப் பட்டன் போன் போதும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரம் ஓடும். அவர்கள் பேசுவதற்கு முகமும் கையும் தெரிய வேண்டும். திரை பளிச்சென்று எரிய வேண்டும், கேமரா ஓட வேண்டும், நெட் இழுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து பேட்டரியைத் தின்றுவிடும். வெளிச்சத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்றால் விரல் தெரியாது. ஒகுட்டுவின் போனோ பழசு. கூரை வேலைக்காரனின் சட்டைப் பையில் வெயிலில் வெந்து வெந்து, அதன் பேட்டரி சாகக் கிடந்தது. முப்பது சதவீதம் என்று காட்டும், அடுத்த நொடி கறுத்துவிடும். அவன் கை அந்தரத்தில் நிற்க, பாதி வார்த்தையில் பேச்சு போய்விடும்.

அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அழைப்பு வந்ததும் முதல் வேலை விடைபெறுவது. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, பிறகு நெஞ்சில் வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா, வீடு ஒழுகுகிறதா எல்லாம். பேச்சு எங்கே அறுந்தாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

"வந்ததும் வராததுமா கெளம்புறேன்னு நிக்கிற விருந்தாளிய ஒங்ககிட்டதான் பாக்குறேன்" என்று கேலி செய்வேன்.

"ஒன் புருஷன் சொல்லாமலே கெளம்பிட்டானே, அதுக்கு இது மேல்" என்பாள். வாய்க்கொழுப்பு என்று சொல்ல முடியாது, கைக்கொழுப்பு.

ஈஸ்டருக்கு அவன் வந்தபோது போனைப் பிடுங்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். பேச்சுத் துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் ஒகுமு பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். பேட்டரி குட்டித் தலையணை போல உப்பியிருந்தது.

"இத நெஞ்சுல வச்சுக்கிட்டா சுத்துனான்? தைரியசாலிதான்" என்றார். "புதுசு போடுறேன். சூடு படாம பாத்துக்கச் சொல்லும்மா, முழுக்க வடிய விடக் கூடாது. ரெண்டு மூணு வருஷம் நல்லா ஒழைக்கும்."

பள்ளிச் சீருடை தைத்த காசை அவூர் அப்படியே கொடுத்தாள். "இனிமே சொல்ல வந்தத சொல்லி முடிப்பான்" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஜூனில் ஒரு மதியம் அவன் மொம்பாசா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அழைத்தான். வயிற்று வலியாம். ஒரு கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்ததால் மறு கையால் மட்டும் பேசினான்.

"ஏன் திக்குற?" என்று கேட்டாள் அவூர்.

"சின்ன ஆபரேஷன். நாளைக்கு ரெண்டு கையாலயும் திட்டுறேன், இரு."

அவள் கன்னத்தில் கை வைத்து, நெஞ்சில் வைத்து, பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் சிரித்தான்.

"இப்ப எதுக்கு அது? சார்ஜ் எண்பது இருக்கு. கடைசியில சொல்றேன்."

அவளும் சிரித்துவிட்டாள். ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், தகரத்தில் விழுந்த ஓட்டையைச் சொன்னாள். அவன் முகம் வேர்த்துக் கொட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். அவன் ஒரு விரலைத் தூக்கி, "இரு, வந்துடுறேன்" என்றான். போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் போனார்கள். திரையில் வார்டு விசிறி சுற்றியது.

பழைய பேட்டரியாக இருந்தால் அப்போதே அணைந்திருக்கும். இது அணையவில்லை. அவூர் போனை மெஷின்மேல் சாய்த்துவைத்து, விசிறியைப் பார்த்துக்கொண்டே சட்டைக்குக் காஜா எடுத்தாள். அங்கிருந்து வந்த சத்தமெல்லாம் எனக்கு மட்டும் கேட்டது. சக்கரக் கட்டில் ஓடியது, யாரோ அவசரமாக டாக்டரைக் கூப்பிட்டார்கள், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுத்தாள். அப்போது இரண்டு நர்ஸுகள் மேசைப் பக்கம் வந்து பேசிக்கொண்டார்கள்.

"தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. கொடல் வெடிச்சு நாளாயிருக்கு, தாங்கிக்கிட்டே வேல பாத்திருக்காரு."

"சம்சாரத்துக்கும் காது கேக்காதாமே. எப்படிச் சொல்றது?"

அவூர் என் முகத்தைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டுச்சுக்கா?"

கடவுளே, கருவாடு விற்கிறவளுக்கு ஏன் இந்த வேலை. அந்தச் சொல்லை இரண்டு தடவை தப்பாகக் காட்டினேன். அதற்கடுத்த தடவை அவளுக்குப் புரிந்தது. கோபமாகத் தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்ற. அவன் இன்னும் கன்னத்துல கை வைக்கலயே" என்றாள்.

பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.