நான் வீடு காட்டினேன், அவன் கேள்வி கேட்டான்

ஊரில் உள்ளவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற தொழிலில் இருக்கிறவனை, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

கிளிநொச்சி நகரத்துக்குள் அறுபது வீடு. சண்டைக்குப் பிறகு திரும்பி வந்த சனம் முன்னேறுகிறதா, பின்னுக்குப் போகிறதா என்று பார்க்க, ஒரு நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அறுபது வீட்டுக்கும் போய் அதே கேள்விகளைக் கேட்கும். என்ன சாப்பிட்டீர்கள், யார் உழைக்கிறார்கள், கூரை ஒழுகுகிறதா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கேள்வி கேட்கிற வேலை என்னுடையதல்ல, வீடு காட்டுவதுதான் என் வேலை. வாடகைக்கு இருக்கிற சனம் அடிக்கடி மாறும். யார் எந்த ஒழுங்கைக்குப் போனார்கள் என்பது எட்டு வருசமாக என் தலைக்குள் இருந்தது.

பிறகு கேள்வி கேட்கிற வேலைக்கு, கம்பஸில் பட்டம் எடுத்த சுதர்சன் வந்தான். அவனுடைய கையில் சிலேட்டு மாதிரி ஒரு டப், தொடுதிரைக் கணினி. அதற்குள்ளேயே கேள்வியும் இருந்தது, வீடுகளைக் காட்டுகிற மேப்பும் இருந்தது. "வாற வருசம் ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க ஏலாது, ஒராளைத்தான் வைச்சிருப்பம்" என்று கந்தோரில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் சொன்னார். அன்றைக்குத் தொடங்கிய வயிற்றெரிச்சல் இது. படித்த இளையவன் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கம்பி கட்டின கதிரை

திருநகரில் ஒரு மேசனின் வீடு. முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை கிடந்தன. ஒன்று புதியது. மற்றதன் கால் வெடித்து, கட்டுக்கம்பியால் வரிந்து கட்டியிருந்தார்கள். மேசனின் மனைவி உள்ளே ஓடிப்போய் ஒரு துவாய் எடுத்து வந்தார். புதிய கதிரையைத் துடைத்துவிட்டு, "இருங்கோ தம்பி" என்று சுதர்சனைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின நாளில் இருந்து போய் வருகிறவன் நான். வீட்டுத்திட்டத்துக்கு வந்த சீமெந்தை இறக்கவும் கை கொடுத்திருக்கிறேன்.

சுதர்சன் எழும்பி, "ஐயா, நீங்கள் இதில இருங்கோ" என்றான். அது இன்னும் எரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பி கட்டின கதிரையிலேயே இருந்தேன். கேள்விகள் முடியும்வரை மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன். என் முகத்தைக் கவனித்த மேசன் ஆறுதல் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ மணியண்ணை, ஆடாமல் இருந்தியளெண்டால் உடையாது."

நாலாவது ஆள்

செல்வமக்காவிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், நாலு என்பார். அவர், கணவர், மகள். நாலாவது ஆள், கடைசிச் சண்டையில் பிரிந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லாத மகன். ஆனால் கடந்த ஆறு மாதமும் அந்த வீட்டில் படுத்துச் சாப்பிட்டவர்களைத்தான் எழுதலாம் என்பது கந்தோரின் சட்டம். வருகிற ஆட்கள் எல்லாரும் மூன்று என்று எழுதுவார்கள். நாலு என்று எழுதுங்கோவன் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருக்கிறேன். ஒருவரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு கேட்கிற கேள்விகளுக்குச் செல்வமக்கா வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொல்லுவார்.

சுதர்சனும் மூன்று என்றுதான் எழுதினான். ஆனால் கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் மகனின் பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, அவருக்கே வாசித்தும் காட்டினான். அப்படி ஓர் இடம் இருப்பதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான் வேலிப்பக்கம் திரும்பி நின்றேன். செல்வமக்கா கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எட்டு வருசமா வந்து போறியள் மணியண்ணை, இந்தப் பிள்ளை ஒரு நாளில என்ர மகனை உள்ளுக்கு எடுத்திட்டுது."

பக்கத்து வீட்டுக் குடை

அந்த அறுபது வீட்டில் என் வீடு இல்லை. எல்லாம் சீட்டுக் குலுக்கி எடுத்தது. பக்கத்து வீட்டுத் தர்முவுக்கு விழுந்தது, எனக்கு விழவில்லை. ஒருமுறை பதில் சொன்ன வீட்டுக்கெல்லாம் ஒரு குடை கொடுத்தார்கள். தர்முவின் குடையையும் என் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நான்தான் கொடுத்தேன். மழையில்லாத பங்குனி வெயிலில், கடைக்குப் போகவும் குடை, கிணற்றடிக்குப் போகவும் குடை என்று என் படலைக்கு முன்னால் ஒரு கிழமை நடந்தார். ஒருநாள் நின்று கதை கொடுத்தார்: "உங்களைக் கேக்கேல்லையெண்டு குறை நினையாதேங்கோ அண்ணை, உங்கட நிலைமை பார்த்தாலே தெரியுதுதானே."

இரண்டு நாள் கோழி

தவமணி உதயநகரில் வாடகைக்கு இருந்தவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சட்டை தைத்துச் சீவிக்கிறார். போன ஏழு நாளில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று சுதர்சன் கேட்டான். மீன் மூன்று நாள், முட்டை இரண்டு நாள், கோழி இரண்டு நாள் என்று தவமணி சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காது சுட்டது. என் வீட்டில் கோழி வாங்கி ஒன்றரை மாதம். தையல் மெசினை மிதிக்கிறவருக்கு ஒரு கிழமையில் இரண்டு கோழியா? அதையும் பார்த்துவிடுவோம் என்று, தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன்.

சட்டியில் அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் சம்பல். வேறு ஒன்றும் இல்லை. தவமணி பின்னால் வந்து நின்றார். "என்ன பிள்ளை, கோழி எண்டனீர்?" என்றேன். "கோழியெண்டாலும் அந்தத் தம்பி ஒண்டும் தரப்போறேல்லை, மரவள்ளியெண்டாலும் தரப்போறேல்லை. பிறகேன் அண்ணை மரவள்ளியெண்டு சொல்லோணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

இதில் ஒரு விசயம் இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு வேறு ஆட்கள் வந்து, சில வீடுகளில் அதே கேள்விகளைத் திருப்பிக் கேட்பார்கள். பதில் மாறினால் முதலில் கேட்டவருக்கு வேலை இல்லை. வருகிறவர்கள் தவமணியின் குசினியை எட்டிப் பார்த்தால் போதும், சுதர்சன் வீட்டுக்குப் போவான், நான் வேலையில் நிற்பேன். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. ஒழுங்கை முடியும்வரை திறக்கவும் இல்லை. ஆனால் மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டே அவன் எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினான். இந்த வீட்டில் புரதம் கூடியிருக்கிறதாம், இது நல்ல மாற்றமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டாமல் வீட்டுக்குப் போனால் அன்று நித்திரை வராது. "தம்பி, உமக்கு டப்பைத்தான் தெரியும், சட்டி தெரியாது" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் மோட்டார்சைக்கிளைத் திருப்பினான். தவமணியின் குசினி வாசற்படியில் குந்திக்கொண்டு, முதலாவது கேள்வியில் இருந்து எல்லாம் திரும்பக் கேட்டான். வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்தான்: "நல்ல காலம் சொன்னியள் ஐயா, இல்லாட்டி என்ர வேலை போயிருக்கும்."

பணிவு

திருப்பிக் கேட்க வந்தவர்கள் தவமணி வீட்டுக்கே போனார்கள். மரவள்ளி மரவள்ளியாகவே இருந்தது. ஒரு பதிலும் மாறவில்லை, சுதர்சன் குசினிவரை வந்து கேட்டதையும் தவமணி அவர்களிடம் சொல்லிவிட்டார். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். குசினிவரை போய் விசாரிக்கிற ஆள்தான் எங்களுக்குத் தேவை என்று சொல்லி, வேலையைச் சுதர்சனுக்குக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவன் உண்மையைச் சொன்னான். "மிஸ், ஐயாதான் கண்டுபிடிச்சவர்" என்றான். அவன் மறைத்திருந்தால் நான் சண்டை பிடித்திருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் போனது. மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "பாருங்கோ ஐயா, எவ்வளவு பணிவான பிள்ளை!"

ஒரு போன்

என் வேலை போய் ஆறு மாதம் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சுதர்சன் போன் எடுத்தான். தவமணி வீடு மாறிவிட்டார், மேப்பில் பழைய வீடுதான் நிற்கிறது. கனகபுரத்தில் புது வீடு எடுத்திருப்பதைத் தவமணி சந்தையில் வைத்து எனக்குச் சொல்லியிருந்தார். டிப்போச் சந்தியில் நின்றுதான் கதைக்கிறேன் என்றான். அதில் இருந்து தவமணியின் புது வீட்டுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. "ஐயா, அந்த ஒரு வீடுதான் மிச்சம், வழியை மட்டும் சொல்லிவிடுங்கோவன்."

அந்த வீட்டை விட்டு வேறு திசையில், கரடிப்போக்குச் சந்திவரை போய், வாய்க்கால் ஓரமாகத் திரும்பி, கேட்டுக் கேட்டுப் போகச் சொன்னேன். எட்டு வருச வேலைக்கு எனக்குக் கிடைத்த பென்சன், சுதர்சன் அன்று வெயிலுக்குள் சுற்றின அந்த முக்கால் மணித்தியாலம்தான்.